தூள் அடியில் இறங்கும், இலை மேலே நிற்கும்

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குன்னூர் போனபோது அரைக் கிலோ இலைத் தேயிலை வாங்கி வந்திருக்கிறார். வீட்டில் இருந்த அரைக் கிலோ அஸ்ஸாம் டஸ்ட்டை, அதாவது தூள் தேயிலையை, அதோடு கலந்து, ஏலக்காய்ப் பொடி, சுக்கு, வீட்டில் காயவைத்த துளசி எல்லாம் போட்டுப் பெரிய டப்பாவில் வைத்திருக்கிறார். முதல் வாரம் டீ பிரமாதம். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் கழுவுத்தண்ணி மாதிரி, இன்னொரு நாள் கசாயம் மாதிரி, கூடவே லேசாக ஒரு அடைசல் வாடை. மகள் சீமந்தத்துக்கு வருகிறவர்களுக்கு 100 கிராம் டப்பா கொடுக்க ஆசை. உள்ளூரில் ஒருவர் "எஸ்டேட்டிலிருந்து நேராக வருகிற ஸ்பெஷல் பிளெண்ட், மலிவாகத் தருகிறேன்" என்கிறாராம், வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள் அம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் டப்பாவுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

தேயிலையில் குறையில்லை, நீங்கள் சேர்த்த ஜோடிதான் தப்பு. டஸ்ட் என்பது ரவையை விடச் சின்னது, இலைத் தேயிலை அதைவிடப் பல மடங்கு பெரியது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுத் தினமும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் அந்த ஆட்டத்திலேயே டஸ்ட் சந்து வழியாக அடிக்கு இறங்கிவிடும். மேலாக அள்ளின நாளில் இலை மட்டும் வரும், அது நீங்கள் கொதிக்க வைக்கிற இரண்டு நிமிடத்தில் பாதிகூட இறங்காது. அடியில் அள்ளின நாளில் முழுக்க டஸ்ட், கடுப்பு தாங்காது. தேயிலைத் தொழிலில் நாங்கள் கலக்கும்போது முதலில் பார்ப்பது ருசியை அல்ல, குருணையின் அளவைத்தான். டஸ்ட்டோடு டஸ்ட், இலையோடு இலை. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடைசல் வாடைக்குக் காரணம் துளசி. நிழலில் நான்கு நாள் காய்ந்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும், ஆனால் காம்பில் ஈரம் நிற்கும். விரலால் நசுக்கினால் பொடியாக உதிர வேண்டும், வளைந்தால் அது காயவில்லை. தேயிலை ஃபேக்டரியை விட்டு வரும்போது அதில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் ஈரம் இருக்கும், பக்கத்தில் எங்கே ஈரம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். வாடையும் அப்படித்தான், சாம்பார்ப் பொடி இருந்த டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் அதில் தேயிலை வைக்காதீர்கள். இப்போது இருக்கிற ஒரு கிலோவை வெயிலில் போட்டு மீட்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், மிச்சமிருக்கிற மணமும் போய்விடும். அடைசல் வாடை வந்ததைக் குடிக்கவும் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கும்போது கிலோக் கணக்கில் கலக்காமல் டிகாஷனில் ஆரம்பியுங்கள். அஸ்ஸாம் டஸ்ட் ஒரு பாத்திரம், நீலகிரி டஸ்ட் ஒரு பாத்திரம், ஒவ்வொன்றிலும் 200 மில்லி கொதிக்கிற தண்ணீருக்கு 4 கிராம், மூடி வைத்து 6 நிமிடம். உலகம் முழுக்க தேயிலை ருசி பார்க்க வைத்திருக்கிற அளவு இதுதான். வடிகட்டி, ஸ்பூனால் 6 பங்கு அஸ்ஸாம், 4 பங்கு நீலகிரி சேர்த்துப் பால் விட்டுக் குடித்துப் பாருங்கள், அப்புறம் மாற்றிப் பாருங்கள். அஸ்ஸாம் திடத்தையும் கலரையும் கொடுக்கும், பாலுக்குத் தாங்கி நிற்கும். நீலகிரி மணத்தையும் அந்தத் தெளிவையும் கொடுக்கும். எந்தப் பங்கு பிடிக்கிறதோ அதே பங்கில் தூளை எடை போட்டுக் கலந்தால் போதும். ஏலக்காயையும் சுக்கையும் தூளோடு சேர்க்காமல் தனிச் சின்ன பாட்டிலில் வையுங்கள், பொடித்த ஏலக்காயின் வாசனை சீக்கிரமே பறந்துவிடும். 100 கிராம் தூளுக்கு 4 கிராம் ஏலம், 3 கிராம் சுக்கு என்று ஆரம்பிக்கலாம்.

ஈரமான எதையும் தேயிலையோடு வைக்கக்கூடாது என்றேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு, மல்லிகை. எங்கள் பக்கம் யாரும் இதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சீனாவில் மல்லிகைத் தேயிலை செய்கிறவர்கள் பூவைக் காயவைத்துக் கலப்பதில்லை. மாலையில் மொட்டாக இருக்கிற பூவைப் பச்சைத் தேயிலையோடு (கிரீன் டீ) அடுக்கடுக்காகப் போடுகிறார்கள், ராத்திரி பூ மலரும்போது வாசனையைத் தேயிலை குடித்துக்கொள்ளும், காலையில் பூவை எடுத்துவிடுவார்கள். அந்தத் தேயிலை ஈரத்தையும் சேர்த்துக் குடித்திருக்கும், ஆகவே மறுபடி உலர்த்தியே தீர வேண்டும். வீட்டில் செய்வதானால் இருப்புச்சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அதில் பரப்பிக் கைபொறுக்கும் சூட்டில் கிளறி உலர்த்துங்கள். மூன்று ராத்திரி இப்படிச் செய்தால்தான் மணம் நிற்கும். மார்க்கெட் பூ கூடாது, அதில் பூச்சிமருந்து இருக்கும், வீட்டுக் கொடியில் பறித்ததுதான். பால் சேர்க்கிற டஸ்ட்டுக்கு இது வேலைக்காகாது, பச்சைத் தேயிலைக்கு மட்டும்.

இப்போது அந்த ஸ்பெஷல் பிளெண்ட் ஆசாமி. 27 வருடமாக நான் பார்த்த ஏமாற்றில் பாதி "எஸ்டேட்டிலிருந்து நேராக" என்ற வார்த்தையோடுதான் வந்தது. ஃபேக்டரியில் கழிக்கிற தேயிலைக் கழிவை வாங்கிச் சாயம் ஏற்றுவார்கள், புளியங்கொட்டைத் தோலைப் பொடித்துச் சேர்ப்பார்கள். கழிவை வாங்கவும் விற்கவும் லைசென்ஸ் வேண்டும் என்று 1959-லேயே ஆணை போட்டாயிற்று, இன்னும் அது மூட்டை மூட்டையாக மலையிறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஃபில்டர் பேப்பரில் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து நனையுங்கள், பிறகு தூளைத் தட்டிவிட்டுப் பேப்பரைக் குழாயில் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை நின்றால் அது சாயத் தூள். மலையில் டாக்சிக்காரர் கூட்டிக்கொண்டு போகிற கடைகளும் அப்படித்தான், அவருடைய கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும், சாக்லேட் டீ, ஏலக்காய் டீ என்று அங்கே விற்பதில் பெரும்பாலும் எசென்ஸ்தான். டான்டீ, இண்ட்கோ போன்ற அரசு, கூட்டுறவுக் கடைகளில் கிரேடை, அதாவது இலையா டஸ்ட்டா என்கிற ரகத்தை, கேட்டு வாங்குங்கள்.

கிரேடைக் கேட்டு வாங்க வேண்டியிருப்பதே எனக்குக் கோபம். குன்னூர் ஏலத்தில் நாங்கள் வாங்கும்போது எந்த ஃபேக்டரி, என்ன கிரேடு, எத்தனை மூட்டை எல்லாம் எழுத்தில் வருகிறது. அதே தேயிலை பாக்கெட்டாகி உங்கள் கைக்கு வரும்போது பேக் செய்த தேதியும் ஒரு பெண் சிரிக்கிற படமும்தான் இருக்கின்றன. பெரும்பாலான பாக்கெட்டில் பறித்த மாதம் தெரியாது, கிரேடு தெரியாது, எந்த மலை என்றுகூடத் தெரியாது. பச்சை இலைக்குக் கட்டுப்படியாகிற விலை கேட்டு நீலகிரி சிறு விவசாயிகள் 2023-ல் உண்ணாவிரதம் இருந்தார்கள், ஆனால் அவர்கள் இலை எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று வாங்குகிறவருக்குச் சொல்ல ஒரு வரி அச்சடிக்க யாருக்கும் மனசில்லை.

சீமந்தத்துக்கு விழாவுக்கு முந்தின வாரம் கலந்தால் போதும். வாடையில்லாத தகர டப்பாவில், வாய் வரை நிரப்பி, மசாலாவைத் தனிப் பொட்டலமாக உள்ளே வையுங்கள். கலந்த தேதியையும், எத்தனை பங்கு அஸ்ஸாம், எத்தனை பங்கு நீலகிரி என்பதையும் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.