ராக் ஷாண்டியும் அத்தையின் கணக்கும்

கேள்வி: மாக்டெயில் என்ற மது சேர்க்காத கலவைப் பானம், வெள்ளைக்காரன் நம்முடைய பானகத்தைத் திருடிப் பெயர் மாற்றியது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? இன்னொன்று. புரட்டாசி விரதத்தில் இருந்த நான், அண்ணன் மகளின் 21ஆம் பிறந்தநாள் விருந்தில் ஒரு ராக் ஷாண்டி குடித்தேன். ‘விரதம் போச்சு’ என்கிறார் அத்தை. குளிர்பானத்தில் என்ன இருக்கிறது?
— வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: யாரும் திருடவில்லை. புளிப்பையும் இனிப்பையும் தண்ணீரில் கரைக்க எந்த ஊர்க்காரனுக்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1862இல் ஜெர்ரி தாமஸ் என்ற அமெரிக்க மதுக்கடைக்காரர் காக்டெயில் செய்முறைகளைப் புத்தகமாகப் போட்டார். அதிலேயே குடிக்காதவர்களுக்கென்று லெமனேட், ஆரஞ்சேட் என ஒரு பகுதி உண்டு. அவர் அதைப் போலிச் சரக்கு என்று சொல்லவில்லை. ‘மாக்’ (போலி) என்ற கேலி ஒட்டிக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான்.

கெடுத்தது ஷெர்லி டெம்பிள். நடிகையைச் சொல்லவில்லை, அந்தக் குழந்தை நட்சத்திரத்தின் பெயரில் 1930களில் வந்த பானத்தைச் சொல்கிறேன்: ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிச் சோடா, மாதுளை சிரப், மேலே ஒரு செர்ரி. ‘எங்கள் கண்டுபிடிப்பு’ என்று ஹாலிவுட் உணவகங்களும் ஹவாயில் ஒரு ஹோட்டலும் போட்டி போட்டன. அந்த அம்மாளோ, வளர்ந்த பிறகு, திகட்டுகிறது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் மது இல்லையென்றால் சர்க்கரைப் பாகு என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் டர்பன் மண்டபங்களில் குடை செருகிய சிவப்புத் தண்ணீரைத்தான் நீட்டுகிறார்கள்.

ராக் ஷாண்டி வேறு ரகம். லெமனேட் பாதி, சோடா பாதி, ஐஸ், எலுமிச்சை வில்லை, மேலே சில துளி அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு. அந்தத் துளி ஐஸில் பட்டு, செம்பழுப்பு நூலாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ருசியே அந்தக் கசப்பில்தான். இனிப்பை மடக்கென்று குடித்துவிடுகிறோம். கசப்பு நிறுத்தி நிறுத்திக் குடிக்க வைக்கிறது. ஒரே குவளையோடு ஒரு மணி நேரம் நிற்கலாம். கேன் என்ற கரும்புச் சாராயமும் கோக்கும் கலந்த கிளாஸோடு வரும் மாமாக்கள் ‘ஏன் குடிக்கல?’ என்று கேட்கவும் மாட்டார்கள். பாதிப் பேர் இதை வாங்குவது அதற்காகவே.

இனி அத்தைக்கு வருவோம். அந்தப் பிட்டர்ஸ் புட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அப்பா சட்டையை மாட்டிய பிள்ளைபோல, புட்டியைவிட லேபிள் பெரிதாக இருக்கும். அதில் 44.7 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். இங்கே விற்கும் விஸ்கியே சாதாரணமாக 43தான். 300 மில்லி குவளையில் 1 மில்லி விழுந்ததென்றால் கணக்கு 0.15 சதவீதம், எறும்புக்குக்கூடப் போதை ஏறாது. ஆனால் அத்தை கேட்டது போதை ஏறியதா என்றல்ல, மது சேர்ந்ததா என்று. சேர்ந்தது. பார்க்காரருக்கு அது குளிர்பானம், அத்தைக்கு அல்ல, விரதம் பார்க்காரருடையதல்லவே.

அடுத்த முறை ‘பிட்டர்ஸ் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதிலுக்கு இரண்டு கரண்டி கிரேப்ஃப்ரூட் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் போடச் சொல்லுங்கள். அத்தைக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுங்கள்.