‘ஸ்டார் சிட்டிசன்’ கேள்வி பதில்: படத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கிறிஸ் ராபர்ட்ஸ் 2012 அக்டோபரில் அறிவித்த இணைய விண்வெளி விளையாட்டு ‘ஸ்டார் சிட்டிசன்’. ரசிகர்கள் கொடுத்த பணம் 80 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது. 1.0 எனப்படும் முழு வெளியீடு இன்னும் வரவில்லை. சோதனைப் பதிப்பை மட்டும் விளையாடலாம். இன்னும் செய்யாத கப்பல்களைக்கூடப் படம் காட்டி உண்மைப் பணத்துக்கு விற்கிறார்கள். சிங்கப்பூர் வாசகர்களைக் கேள்வி அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டது. பெயருக்குப் பதில் அவரவர் வட்டாரத்தைப் போட்டிருக்கிறேன். எனக்குத் தொழில் கணினி நெட்வொர்க். ‘ஈவ் ஆன்லைன்’ என்ற பழைய விண்வெளி விளையாட்டின் காலத்திலிருந்து இவ்வகை விளையாட்டுகளில் ஊறியவள். நான் அறிந்த விஷயம் என்றால் நீளமாகப் பேசுவேன். மற்றவற்றுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது.

ஈசூன்: அக்கா, 1.0 எப்போது வரும்? இந்த ஆண்டே வந்துவிடும் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான்.

பணம் திரட்டத் தொடங்கியபோது அவர்கள் சொன்ன கெடு 2014 நவம்பர். உங்கள் நண்பன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். 2024 அக்டோபரில் மேடையேறி 1.0இல் என்னென்ன இருக்கும் என்று விவரித்தார்கள். ஸ்டான்டன், பைரோ, நிக்ஸ், காஸ்ட்ரா, டெர்ரா என ஐந்து நட்சத்திர மண்டலங்கள் என்றார்கள், தேதி சொல்லவில்லை. அதே மேடையில் 2026 என்று சொன்னது ‘ஸ்குவாட்ரன் 42’ பற்றி. அது தனியாக விளையாடும் கதை விளையாட்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதி வதந்திகள் பிறக்கின்றன.

பொங்கோல்: 10 ஜிபிபிஎஸ் இணைய லைன் போட்டால் தாமதம் போய்விடும் என்று அண்ணன் சொல்கிறார். உண்மையா? எந்த வட்டார சர்வரை எடுப்பது?

போகாது. லைன் எவ்வளவு அகலம் என்பது வேறு, சர்வர் எவ்வளவு தூரம் என்பது வேறு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சிங்கப்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் சுமார் 14,100 கிலோமீட்டர், போய்வர 28,200. நூல் பிடித்தாற்போல் நேராகக் கேபிள் போட்டிருந்தாலும் 141 மில்லிவினாடி ஆகியே தீரும். கடலடிக் கேபிள் நேராகப் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் வேறு. அதனால் நடப்பில் 170, 180 என்று காட்டும். சிட்னிக்கு இதே கணக்கில் 63, நடப்பில் 90 பக்கம். தோக்கியோவுக்கு 53, நடப்பில் 70 பக்கம். மாதக் கட்டணத்தை உயர்த்தினால் ஒளியின் வேகம் உயராது என்று அண்ணனிடம் சொல்லுங்கள். ஆசிய வட்டாரத்தை எடுங்கள். அங்கே ஆளில்லாத நேரத்தில் ஆஸ்திரேலியா.

அதற்கு முன் உங்கள் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் பலவற்றில் அது பாதுகாப்பறைக்குள் இருக்கும். கீழே அரிசி மூட்டை, நடுவில் தீபாவளி முறுக்குத் தகரம், அதன்மேல் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ரவுட்டர். குண்டு விழுந்தாலும் தாங்குவதற்கென்று கட்டிய கான்கிரீட் சுவர் அது, கதவு இரும்பு. அதைத் தாண்டி வைஃபை படுக்கையறைவரை வர வேண்டுமென்றால் எப்படி? கணினிக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுங்கள். சில வெள்ளி செலவில் பாதிப் புகார் தீரும்.

இன்னொன்றும் உண்டு. இந்த விளையாட்டில் தடுமாற்றம் என்று நாம் திட்டுவதில் பெரும்பங்கு நம் லைனால் வருவது அல்ல. சர்வர் தன் உலகத்தை நொடிக்கு 30 முறைவரை கணக்கிடலாம். கூட்டம் கூடினால் அது ஐந்து, ஆறு என்று இறங்கிவிடும். அப்போதுதான் மதுக்கூடத்துப் பணியாளர்கள் நாற்காலிமேல் ஏறி மரம்போல் நிற்பார்கள், லிப்ட் கதவு திறந்தால் உள்ளே லிப்ட் இருக்காது, சுட்ட குண்டு யோசித்துவிட்டுப் போய் விழும். 2024 டிசம்பரில் 4.0 பதிப்போடு வந்த மாற்றம் இதற்காகத்தான். ஒரே உலகத்தைப் பல சர்வர்கள் துண்டுபோட்டுப் பார்த்துக்கொள்கின்றன. நீங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பறப்பது உங்களுக்கே தெரியாது. ஓர் உலகத்தில் நூறு பேர் என்றிருந்தது ஐந்நூறு ஆனது. இத்தனை ஆண்டில் அவர்கள் செய்த உண்மையான சாதனை எது என்றால் எந்தக் கப்பலையும் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

‘ஈவ் ஆன்லைன்’ 2003 மே முதல், சீனாவின் தனி சர்வரைத் தவிர, எல்லாரையும் ஒரே உலகத்தில் வைத்திருக்கிறது. அங்கே பெரிய சண்டை மூண்டால் விளையாட்டின் நேரத்தையே பத்தில் ஒரு பங்குவரை மெதுவாக்கிவிடுவார்கள். அன்றாடப் பராமரிப்பு நம் கடிகாரத்தில் மாலை 7 மணிக்கு. வேலை முடிந்து வந்து, குளித்து, சோற்றுத் தட்டோடு உட்காரும்போதுதான் சர்வரைச் சாத்துவார்கள். சிங்கப்பூர்க்காரன் எப்போது வீடு திரும்புகிறான் என்று அதைச் செய்த ஐஸ்லாந்து நிறுவனத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

புக்கிட் பாத்தோக்: சார், 8 ஜிபி நினைவகமுள்ள லேப்டாப்பில் ஓடுமா?

அக்கா. ஓடாது. 16 ஜிபி இருந்தால் திறக்கும், 32 இருந்தால் விளையாடலாம். எஸ்எஸ்டி கட்டாயம்.

செங்காங்: இன்னும் செய்யாத கப்பலுக்குப் பணம் கட்டாதே என்று போன முறையே சொன்னீர்கள். கட்டுமுன்பே வீவக விற்கும் பிடிஓ வீட்டையும் வரைபடத்தைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

சாமர்த்தியமான கேள்வி. பிடிஓ ஒப்பந்தத்தில் வீட்டை எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். தவறினால் வீவக இழப்பீடு தர வேண்டும். ‘பானு மெர்ச்சன்ட்மேன்’ என்ற வணிகக் கப்பலைப் படம் பார்த்து வாங்கியவர்கள் பத்தாண்டு கழித்தும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தேதியும் எழுத்தில் இல்லை. 2018இல் 27,000 டாலருக்கு ஒரு கப்பல் தொகுப்பு விற்றார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்கே முன்னதாக 1,000 டாலர் செலவழித்திருக்க வேண்டும்!

விளையாடத் தேவையானது சுமார் 45 டாலர் தொடக்கத் தொகுப்பு ஒன்றுதான். பறக்கும் நிலையிலுள்ள கப்பல்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் விளையாட்டுக்குள் சம்பாதித்தே வாங்கலாம். படத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தெம்பனிஸ்: தேசிய சேவையில் இருக்கிறேன். வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவேன். மற்றவர்கள் என்னைவிட முன்னே போய்விடுவார்களே?

கவலைப்படாதீர்கள், தம்பி. இங்கே நிலை ஏறுவது, அனுபவப் புள்ளி சேர்ப்பது எதுவும் கிடையாது. புதிதாக வந்தவன் சுட்டாலும் பழையவன் சாவான். சம்பாதித்த பணத்தையும் கப்பலையும் நிறுவனம் பலமுறை துடைத்தழித்திருக்கிறது, 1.0 வருவதற்குள் மறுபடியும் செய்யலாம். வாரம் முழுவதும் விழித்துச் சேர்த்தவனும் உங்களோடு வரிசையில் நிற்பான். முகாமில் நன்றாகத் தூங்குங்கள்.

பாசிர் பாஞ்சாங்: தங்கச்சி, நான் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறவன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வீட்டுக்கு வந்தால் மைத்துனன் இந்த விளையாட்டில் உட்கார்ந்து கப்பலில் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறான், ஒவ்வொன்றாக! காசு கொடுத்துக் கூலி வேலை பார்க்கிறான். இதற்கா இத்தனை ஆண்டு காத்திருந்தீர்கள்?

அண்ணே, இந்தக் கேள்விக்காகவே இன்றைக்கு உட்கார்ந்தேன்.

2023 மார்ச்சில் 3.18 பதிப்பு வரும்வரை சரக்கு என்பது வெறும் எண். அது நிஜப் பெட்டியாக மாறிய பிறகும் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் கப்பல் நிறைந்துவிடும். 2024 ஆகஸ்டில், 3.24 பதிப்பில் அதை மாற்றினார்கள். இப்போது சரக்கு லிப்ட் பெட்டிகளைத் தரைக்குக் கீழிருந்து கொண்டுவரும். சரக்கை அளக்கும் அலகு எஸ்சியு; ஒரு எஸ்சியு என்றால் ஒவ்வொரு பக்கமும் 1.25 மீட்டர் உள்ள பெட்டி. கையிலிருக்கும் ஈர்ப்புக் கதிர்க் கருவியால் அதைத் தூக்கி, அந்தரத்தில் திருப்பி, கப்பலின் தளத்திலுள்ள கட்டத்துக்கு நேரே பிடித்தால் பெட்டியின் நிழலுரு அங்கே தெரியும், விட்டால் உட்காரும். பெரிய பெட்டியை முதலில் வைக்காமல் சின்னதை வைத்துவிட்டால் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடுக்க வேண்டியதுதான். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

இதனால் என்ன லாபம் என்றால், பெட்டி எண்ணாக இருந்தவரை கொள்ளையனுக்கு வேலை இல்லை. கப்பலைச் சுட்டு வெடிக்கவைப்பான், போய்விடுவான். இப்போது உங்களை மடக்கி, கதவைத் திறந்து, பெட்டியைத் தன் கப்பலுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு நேரமாகும். அந்த நேரத்தில் நீங்கள் பேரம் பேசலாம், கெஞ்சலாம், கூட்டாளியைக் கூப்பிடலாம். வழிப்பறிக்கு ஒரு நாடகம் வந்துவிட்டது.

செங்காங்: மன்னிக்கவும், உடன்பாடில்லை. அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறேன். எனக்குப் பொத்தான் போதும். சலிப்பை ‘யதார்த்தம்’ என்று பெயர் சூட்டி விற்கிறார்கள்.

கட்டணம் கொடுத்தால் ஆட்கள் ஏற்றுவார்கள், காத்திருங்கள். அந்த வசதி இருக்கிறது. படம் பார்த்துக் கப்பல் வாங்குவதற்கு மட்டும் பொறுமை இருந்ததே?

ஜூரோங் வெஸ்ட்: செங்காங் நண்பருக்கு: பெட்டி அடுக்குவது நான், காவலுக்கு நிற்பது என் கணவர். சாப்பாட்டு மேசையில் பேசுவதைவிட அந்தக் கப்பல் தளத்தில்தான் நாங்கள் அதிகம் பேசுகிறோம்.

செங்காங்கிலிருந்து இதற்கு மூன்று பதில்கள் வந்துவிட்டன. இரண்டை வெளியிட மாட்டேன். மூன்றாவதில் ஒரு நியாயம் இருக்கிறது: ‘ஹல் சி’ கப்பல் 4,608 எஸ்சியு கொள்ளும், அதைக் கையால் நிரப்பச் சொன்னால் அது தண்டனை என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அதை யாரும் கையால் நிரப்பச் சொல்லவும் இல்லை.

ஆனால் ‘வேலைபோல் இருப்பது விளையாட்டு ஆகாது’ என்ற வாதத்தை விட மாட்டேன். 2003இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ்’ விளையாட்டில் மதுக்கூடத்தில் நடனமாடியே காலம் கழித்தவர்கள் இருந்தார்கள். கடை வைத்தவர்கள், தாதுவின் தரத்தைத் தேடிக் கோள் கோளாக அலைந்தவர்கள் இருந்தார்கள். கையில் வாளை எடுக்கவே மாட்டார்கள். சண்டைக்காரர்கள் களைப்பும் மனக்காயமும் ஆற நடனக்காரர்களிடம்தான் வர வேண்டும். 2005 நவம்பரில் நிறுவனம் ‘எளிமைப்படுத்துகிறோம்’ என்று தொழில்களை வெட்டிச் சுருக்கியது. பலர் விலகிப் போனார்கள், ஊர் காலியானது. 2011 டிசம்பர் 15 அன்று மூடினார்கள். பொத்தான் கேட்கிறவர்கள் அந்தக் கதையையும் படிக்க வேண்டும்.

பாசிர் பாஞ்சாங்: தங்கச்சி, அவன் பெட்டி தவறி விழுந்தால் யாருக்கும் கால் ஒடியாது. என் பெட்டி விழுந்தால் விசாரணை வரும். அதனால் அது விளையாட்டு, என்னுடையது வேலை. ரொம்பப் பெரிதாக்க வேண்டாம்.

சரிதான், அண்ணே. இதற்குமேல் நான் என்ன சொல்ல? மைத்துனனின் அடுக்கை ஒருநாள் பின்னால் நின்று பாருங்கள். எனக்குத் தெரிந்து, கப்பல் வெடிக்காமலே பாதிச் சரக்கை வழியில் இழப்பவர்கள் எல்லாரும் அடுக்கத் தெரியாதவர்கள்.

பெட்டி பற்றிய கேள்விகளை இதோடு மூடுகிறேன். வந்து கிடக்கிற மற்றவை:

அங் மோ கியோ: 1.0 எப்போது வரும்?

ஈசூனுக்குச் சொன்னதே.

பிடோக்: ஒருவர் தம் கணக்கைப் பாதி விலைக்குத் தருகிறாராம், ஆயிரம் டாலர் மதிப்புள்ள கப்பல்கள் இருக்கின்றன. முன்பணம் கேட்கிறார்.

முன்பணம் என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. அனுப்பாதீர்கள். சந்தேகமென்றால் 1799 மோசடித் தடுப்பு எண்ணுக்கு அழையுங்கள். போதாதற்கு, அந்தக் கப்பல்களில் எத்தனை படம், எத்தனை பறப்பவை என்று கேட்டீர்களா?

சுவா சூ காங்: இது சட்டப்படி மோசடி ஆகாதா?

வழக்கறிஞரைக் கேளுங்கள். பணம் கட்டி 30 நாளுக்குள் என்றால் திருப்பிக் கேட்கலாம், அது எனக்குத் தெரியும்.

தோ பாயோ: அக்கா, வெளியீடு எப்போது என்று ஒரு உத்தேசமாவது...

படத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ்: பணமே கொடுக்காமல் பார்க்க வழி உண்டா? பொறுமையாக எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

உண்டு. ஆண்டுக்குச் சில முறை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடுவார்கள். மே மாதக் கடற்படை விழா, நவம்பர் மாதக் கப்பல் கண்காட்சி இரண்டும் வழக்கமானவை. கூட்டம் நெரியும், சர்வர் திணறும். அதனால் முதல் நாளைத் தவிர்த்து, வார நாளில் காலையில் போங்கள். 100 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும், முந்தைய இரவே போட்டுவிடுங்கள். தொடங்கும் இடம் கேட்டால் லார்வில் என்ற நகரம் வேண்டாம். படுக்கையிலிருந்து எழுந்து, ரயிலுக்குக் காத்திருந்து, விண்துறைமுகம் போய்க் கப்பலில் ஏறுவதற்குள் ஆசை போய்விடும்.