துகள் முடுக்கிகளில் நீரால் குளிர்விக்கப்படும் கதிர்வீச்சு உறிஞ்சிகள் நீண்டகாலம் தாங்குமா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்று ஒருமுறை சூடாக்கிப் பார்த்தால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடுக்கி ஒன்றின் வெற்றிடப் பிரிவில் சில காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: போதாது.

எலக்ட்ரான் கற்றை காந்தங்களில் வளையும்போது தொடுகோட்டுத் திசையில் எக்ஸ் கதிர்கள் கிளம்புகின்றன. அவற்றில் தேவைப்படாத பகுதியைத் தடுத்து, வெப்பத்தை நீருக்குக் கடத்தும் செம்புக் கட்டையே உறிஞ்சி. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஆனால் உறிஞ்சி அதற்கு வெகு முன்பே பழுதாகும். கதிர் விழும் குறுகிய பட்டை விரிய முயல்கிறது, சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் அதை விரியவிடுவதில்லை. செம்பின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் ஏறத்தாழ 120 கிகாபாஸ்கல், விரிவுக் குணகம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு. பக்கவாட்டு விரிவு முழுவதும் தடைபட்டால், ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் சுமார் 3 மெகாபாஸ்கல் தகைவு (பரப்பலகுக்கான உள்விசை) சேரும். நூறு டிகிரிக்கு 300. பதமிளக்கிய, அதாவது சூடாக்கி மென்மையாக்கிய, தூய செம்போ 100 மெகாபாஸ்கலை எட்டும் முன்பே நிரந்தரமாக நெளிந்துவிடும். அலுமினா நுண்துகள்களால் வலுவூட்டிய செம்பான கிளிட்காப், குரோமியம்-சிர்கோனியம் கலந்த செம்பு ஆகியவற்றைத் தேடுவதும், கதிர் சாய்வாகப் படும்படி பரப்பை அமைப்பதும் இதனால்தான்.

நெளிந்த பட்டை, கதிர் நின்று குளிரும்போது இழுவிசைக்கு உள்ளாகிறது. விரிசல் பிறப்பது பெரும்பாலும் அங்கேதான். எனவே முக்கியமான சோதனை சுழற்சிச் சோதனை. எலக்ட்ரான் துப்பாக்கியாலோ உண்மையான எக்ஸ் கதிராலோ, பணியில் வருவதைவிட அதிகமான திறனைச் செலுத்தி, ஆயிரக்கணக்கான முறை சூடாக்கிக் குளிர்வித்து, பின்னர் மாதிரியைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் விரிசலின் ஆழத்தை அளக்கிறார்கள். மேற்பரப்பில் மயிரிழைக் கோடுகள் தெரிவதாலேயே உறிஞ்சி தோற்றதாகாது, அவை நீர்க்குழாயை நோக்கி வளர்கின்றனவா என்பதுதான் கேள்வி.

நீர்ப் பக்கத்தைப் பலரும் குறைவாகவே சோதிக்கிறார்கள் என்பது என் கருத்து. நீரோட்டத்தை வேண்டுமென்றே குறைத்து, குழாய்ச் சுவரில் கொதிப்பு தொடங்குவதற்குள் பாதுகாப்புச் சுற்று கற்றையை நிறுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஹீலியம் வாயுவைக் கொண்டு கசிவைத் தேடும் சோதனையையும் அவ்வாறே குறைவாகத்தான் செய்கிறார்கள். அறை வெப்பநிலையில் குறையின்றித் தேறிய உறிஞ்சி ஒன்று, சூடானதும் கசிந்ததை நான் கண்டிருக்கிறேன். குளிர்ந்ததும் கசிவு மறைந்துவிடும். பற்றாசு வைத்த இணைப்பு ஒன்றில் இருந்த நுண்ணிடைவெளி சூட்டில் மட்டும் திறந்திருக்கிறது. அதன்பின் வந்த உறிஞ்சிகளில் நீருக்கும் வெற்றிடத்துக்கும் இடையே எந்த இணைப்பும் வராதபடி, ஒரே கட்டையில் துளையிட்டு நீர்வழி அமைத்தோம்.