குழந்தைக்கு உடம்பு சரியில்லை: வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள்

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் நான். மருந்தை எழுதிக் கொடுப்பது டாக்டரின் வேலை, அதில் தலையிட மாட்டேன். எழுதிக் கொடுத்ததை வீட்டில் எப்படிக் கொடுப்பது, எதைக் கவனிப்பது, எப்போது கிளம்பி வருவது என்பதெல்லாம் என் பக்கம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மகளுக்கு மூன்று வயது. நேற்றிலிருந்து 102 டிகிரி காய்ச்சல். மருந்து கொடுத்தும் 100-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் நடுநடுவே விளையாடுகிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவா?

விளையாடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே வந்துவிட்டது. காய்ச்சல் மருந்து கொடுப்பது உடம்பு வலி குறைந்து குழந்தை கொஞ்சம் சுகமாக இருப்பதற்குத்தான். தெர்மாமீட்டர் 98.6 காட்டியே ஆக வேண்டும் என்று இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: தண்ணீர் குடிக்கிறாளா, சிறுநீர் வழக்கம்போல் போகிறாளா, கூப்பிட்டால் முகம் பார்க்கிறாளா, மூச்சு சிரமமில்லாமல் இருக்கிறதா. 103 டிகிரியிலும் பொம்மையைக் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளையை நான் நிதானமாகப் பார்ப்பேன். 99 டிகிரிதான், ஆனால் துவண்டு கிடக்கிறது, எழுப்பினால் எழவில்லை என்றால் ஓடுவேன். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் குழந்தை எப்படி இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே உடனே ஆஸ்பத்திரி. விளையாடினாலும் சரி, பால் குடித்தாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெரியவனுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப் மிச்சம் இருக்கிறது. சின்னவளுக்குப் பாதி அளவு கொடுக்கலாமா?

பாதி, கால் என்ற கணக்கே வேண்டாம். குழந்தை மருந்துக்கு எடைதான் கணக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தை என்றால் அதிகபட்சம் 150 மில்லிகிராம். இனி பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் ஆறு மில்லிக்குச் சற்று மேல் வரும். 5 மில்லியில் 250 என்றால் 3 மில்லி. சொட்டு மருந்தில் பல சமயம் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், அதில் ஒன்றரை மில்லி போதும். அந்தச் சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஒரு ஸ்பூன் ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும்! அதனால் டாக்டர் '5 மில்லி' என்று சொன்னால், எந்த பாட்டிலில் 5 மில்லி என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இரண்டு வேளைக்கு நடுவே நான்கிலிருந்து ஆறு மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அம்மா ஒரு தடவை, அது தெரியாமல் அப்பா ஒரு தடவை என்று ஆவது சாதாரணமாக நடக்கும். சில சளி சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள்.

ஆஸ்பிரின் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலோ, வாந்திபேதியில் நீர்ச்சத்து குறைந்திருந்தாலோ ஐபுபுரூஃபெனும் வேண்டாம்.

கொடுத்த உடனே கக்கிவிடுகிறான். மறுபடி கொடுக்கலாமா?

பாராசிட்டமால் கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை இன்னொரு தடவை கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேளை வரை பொறுங்கள். மற்ற மருந்துகளுக்குக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள். நிமிர்த்தி மடியில் வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து, விழுங்க விட்டு விட்டு, சிறிது சிறிதாகத் தள்ளுங்கள்.

ஈரத்துணி போடலாமா? பேரனுக்கு நான் போட்டால் மருமகள் திட்டுகிறாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, பேரனுக்கும் பிடித்திருந்தால் போடுங்கள் அம்மா. ஐஸ் தண்ணீர் கூடாது. நடுங்க ஆரம்பித்தால் சூடு இன்னும் ஏறும். அவன் அழுதால் விட்டுவிடுங்கள், இந்த விஷயத்தில் மருமகள் பக்கம்தான் நான்.

வாந்தியும் பேதியும். ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் அதையும் வாந்தி எடுக்கிறாள். ஒன்றரை வயது.

டம்ளரோடு கொடுத்திருப்பீர்கள். தாகத்தில் மடமடவென்று குடிக்கும், அப்படியே வெளியே வரும். பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் ஒரு ஸ்பூன், ஓரிரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன். சலிப்பான வேலைதான், ஆனால் வார்டிலும் இதைத்தான் செய்கிறோம். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி போனால் போதும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை பாக்கெட்டை ஒரு டம்ளரில் என்று கரைத்தால் உப்பு ஏறி ஆபத்தாகும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் உடனே வாருங்கள்.

மூச்சு வேகமாக இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு எல்லாமே வேகமாகத்தான் தெரிகிறது.

எண்ணிப் பார்க்க வேண்டும், கண் மதிப்பு போதாது. குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிடுங்கள். வயிறு ஒரு தடவை எழும்பி இறங்கினால் ஒன்று. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பச்சைக்குழந்தைகள் வேகமாக மூச்சு விட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார்கள் என்பதால், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். சட்டை தூக்கியிருக்கும்போதே விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சை இழுக்கும்போது அந்த இடம் உள்ளே குழிந்தால், மூக்கு விரிந்தால், முனகல் கேட்டால், உதடு நீலம் பாய்ந்தால், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால்?

ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். அதற்குள் நின்றாலும், முதல் தடவை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மகனுக்கு டான்சில் ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது நாள். தொண்டையில் வெள்ளையாக இருக்கிறது, வாய் நாறுகிறது. சீழா?

இல்லை, புண் ஆறும்போது படியும் படலம்தான். சுரண்ட வேண்டாம். வலி மருந்தை அவன் அழுத பிறகு கொடுக்காமல், டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். வலி இருந்தால் விழுங்க மாட்டான், விழுங்காவிட்டால் தொண்டை காய்ந்து வலி கூடும். இந்தப் படலம் உதிரும் நாட்களில், பத்து நாள் வரைக்கும், ரத்தம் வரலாம். சிவப்பாக ரத்தம் துப்பினாலோ, தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்? லீவு அதிகமாகிவிட்டது.

மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். வாந்திபேதி என்றால் நின்று 48 மணி நேரம். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டிய பிறகு. காலையில் சிரப் கொடுத்து அனுப்பினால் நடுப்பகலில் பள்ளியிலிருந்து போன் வரும்.

ஊசி வலிக்காது என்று சொல்லித்தான் கூட்டிவருகிறோம். வேறு என்ன செய்வது?

தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். அடுத்த தடவை நாங்கள் தெர்மாமீட்டரை எடுத்தாலே கத்துவான். 'கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும், நான் பிடித்துக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள். படுக்க வைத்து அமுக்குவதைவிட மடியில் நேராக உட்கார வைத்து அணைத்துக்கொண்டால் பயம் குறையும். கைக்குழந்தை என்றால் பால் குடிக்கும்போதே போட்டுவிடலாம், எங்களிடம் கேளுங்கள். 'சேட்டை பண்ணினால் சிஸ்டர் ஊசி போடுவாங்க' என்பதையும் விட்டுவிட்டால் எங்கள் வேலை பாதி குறையும்.

தூங்கும் குழந்தையை எழுப்பி மருந்து கொடுக்கவா?

காய்ச்சல் மருந்துக்காக எழுப்ப வேண்டாம், தூங்கட்டும். வலிப்பு மருந்து என்றால் நேரம் தவறக் கூடாது, எழுப்புங்கள். ஆன்டிபயாடிக்குக்கு, தூங்கும் நேரத்தில் இடிக்காதபடி வேளையை அமைத்துத் தர முடியுமா என்று சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.