சிறகை விட்டுட்டு உடம்பைப் பாருங்க: பட்டாம்பூச்சி கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். கறுப்புச் சிறகுல சிவப்புப் பொட்டும் பின்னாடி வாலும் இருக்கற ஒரு பூச்சி எங்க செடிக்கு தினமும் வருது. ஒரு தடவை போட்டோ எடுத்து ஆப்ல போட்டா காமன் ரோஸ்னு வருது, இன்னொரு தடவை காமன் மார்மன்னு வருது. எது சரி? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: வணக்கம்மா. ரெண்டுமே சரியா இருக்கலாம், ஏன்னா உங்க செடிக்கு ரெண்டு இனமுமே வந்துட்டு போயிருக்கலாம். கறிவேப்பிலை அழகின்னு தமிழ்ல சொல்றோமே அந்த காமன் மார்மனோட பெண் பூச்சி மூணு வேஷத்துல வரும். ஒண்ணு ஆண் மாதிரியே கறுப்புல வெள்ளைப் பட்டை, இன்னொண்ணு அப்படியே காமன் ரோஸ் மாதிரி, மூணாவது க்ரிம்சன் ரோஸ்ங்கற இன்னொரு இனம் மாதிரி. ரோஸ் வகையோட புழுக்கள் ஆடுதின்னாப்பாளைய தின்னு வளருது, அந்த செடியோட விஷம் உடம்புல சேர்ந்துடறதால பறவை ஒரு தடவை கொத்தினா அப்புறம் அந்தப் பக்கமே வராது. மார்மன் புழு கறிவேப்பிலை, எலுமிச்சை இலை தின்னு வளர்றது, விஷமே கிடையாது, அதனால விஷக்காரியோட சேலைய கட்டிக்கிட்டு பொழைச்சுக்குது.

இதுல ஒண்ணு கவனிச்சீங்கன்னா குழப்பம் பாதி தீர்ந்துடும், சேலைய மாத்தின பூச்சி உடம்பை மாத்தல. அடுத்த தடவை வந்து உக்காரும்போது சிறகைப் பாக்கவே பாக்காதீங்க, நேரா வயித்துப் பகுதிக்கு கண்ணைக் கொண்டு போங்க. க்ரிம்சன் ரோஸ்னா தலையும் வயிறும் குங்குமத்தை அப்பின மாதிரி ரத்தச் சிவப்பு. காமன் ரோஸ்லயும் வயித்தோட பக்கவாட்டுலயும் நுனியிலயும் சிவப்பு பளிச்சுனு இருக்கும். மார்மன் பெண்ணுக்கு உடம்பு முழுக்க கறுப்பு, கிட்டப் போய் பாத்தா அங்கங்க சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி, சிவப்பு மட்டும் துளி கூட இருக்காது. பறக்கறதுலயும் தெரியும், ரோஸ் தன்னை யாரும் தொடமாட்டாங்கங்கற தைரியத்துல மெதுவா மிதந்து போகும், மார்மன் பெண்ணும் சும்மா இருக்கற வரைக்கும் அதே நடைதான், ஆனா நீங்க சட்டுனு கிட்டப் போனா நடிப்பெல்லாம் விட்டுட்டு குறுக்க நெடுக்க வேகமா ஓடிடும்.

நீங்க தடுமாறினதுல தப்பே இல்ல, ஆரம்பத்துல இந்தப் பெண் பூச்சிகளுக்கு தனித்தனி இனமா பேர் வெச்சிருந்தாங்க, இதெல்லாம் ஒரே இனத்தோட பல வடிவம்னு 1865ல விளக்கி எழுதினவர் ஆல்ஃப்ரெட் ரஸல் வாலஸ். எந்த வேஷம்னு முடிவு பண்றது டபுள்செக்ஸ்ங்கற ஒரே ஒரு மரபணுன்னு 2014ல கண்டுபிடிச்சாங்க, எனக்கு இன்னிக்கும் இத நினைச்சா சிலிர்க்கும்.

கேள்வி: ஆரஞ்சு கலர் ப்ளெய்ன் டைகருக்கும் டனாயிட் எக்ஃப்ளை பெண்ணுக்கும் வித்தியாசமே தெரியல அண்ணா, எப்படி பிரிக்கறது?

பதில்: பின்சிறகோட நடுவுல பாருங்க தம்பி. ப்ளெய்ன் டைகருக்கு, அதான் நம்ம வெந்தய வரியனுக்கு, அங்க கறுப்புப் புள்ளி மூணு இருக்கும், ஆண்னா நாலு, அந்த நாலாவது வாசனைப் பை, அதாவது பெண்ணைக் கவர வாசனை விடற இடம். எக்ஃப்ளை பெண்ணுக்கு பின்சிறகோட மேல் ஓரத்துக்கிட்ட ஒரே ஒரு கறுப்புப் பொட்டுதான். உடம்பும் உதவும், டைகரோட தலையிலயும் நெஞ்சுலயும் கறுப்பு மேல வெள்ளைப் புள்ளி தெளிச்ச மாதிரி இருக்கும். நரம்பெல்லாம் கறுப்பா தடிமனா கோடு போட்டிருந்தா அது ரெண்டும் இல்ல, ஸ்ட்ரைப்டு டைகர்.

எனக்கு இந்த எக்ஃப்ளை பிடிபட்டது செடிய வெச்சுதான். ஒரு நாள் காலையில டைகர்னு நெனச்சு பின்னாடியே போனேன், அது எருக்குப் பக்கம் திரும்பவே இல்ல, தரையோட தரையா தாழ்ந்து பறந்து ஒவ்வொரு செடியா தொட்டுத் தொட்டுப் பாத்து கடைசியில பருப்புக்கீரையில உக்காந்து வயித்த வளைச்சு ஒரு முட்டை வெச்சுச்சு. ப்ளெய்ன் டைகர் எருக்கு குடும்பத்து செடியிலதான் முட்டை வைக்கும், கீரைக்கு வராது, அங்கயே தெரிஞ்சு போச்சு. அதனால பூச்சிய பாக்கறதோட விட்டுடாம எந்த செடியில வயித்த வளைக்குதுன்னும் குறிச்சு வைங்க, பல நேரம் போட்டோவ விட அது பெரிய சாட்சி.

கேள்வி: குட்டி குட்டியா மஞ்சள் பூச்சி, எல்லாமே ஒண்ணு போலவே இருக்கு. பேர் சொல்ல வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனா அதுங்க உக்காரும்போது சிறக மூடிக்கிட்டுதான் உக்காரும், அதனால அடிப்பக்க போட்டோதான் வேணும். முன்சிறகு அடிப்பக்கத்துல உடம்பை ஒட்டி நரம்புகளுக்கு நடுவுல ஒரு நீளமான கட்டம் இருக்கும், செல்னு சொல்லுவோம். அதுக்குள்ள பொதுவா ரெண்டு புள்ளின்னா காமன் க்ராஸ் எல்லோ, மூணுன்னா த்ரீ ஸ்பாட், ஒண்ணுன்னா ஒன் ஸ்பாட். சில பூச்சிக்கு புள்ளி மங்கலா இருக்கும், வெயில் காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் தோற்றமும் மாறும், அதனால ஒரே ஒரு படத்த வெச்சு சண்டை போடாதீங்க.

கேள்வி: நான் எட்டாவது படிக்கிறேன் மாமா. காமன் க்ரோ மாதிரியே ஒரு பூச்சி பாத்தேன், ஆனா எங்க டீச்சர் அது காமன் மைம்னு சொன்னாங்க. அவங்களுக்கு எப்படி தெரிஞ்சுது?

பதில்: நல்ல டீச்சர் கண்ணு உனக்கு. அவங்க அனேகமா பின்சிறகு ஓரத்துல இருக்கற மஞ்சள் புள்ளிகள பாத்திருப்பாங்க, மைம் சிறக மூடினா அது நல்லா தெரியும், க்ரோவுக்கு அங்க வெள்ளைப் புள்ளிதான். நான் உனக்கு இன்னொண்ணு சொல்றேன், கால எண்ணிப் பாரு. க்ரோ சேந்த குடும்பத்துல முன்னங்கால் ரெண்டும் குட்டியா சுருங்கி நெஞ்சோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால நாலு கால்ல நிக்கற மாதிரிதான் தெரியும். மைம் ஸ்வாலோடெய்ல் குடும்பம், வால் இல்லேன்னாலும் அந்தக் குடும்பம்தான், அது ஆறு கால்லயும் நிக்கும். ஈர மண்ணுல தண்ணி உறிஞ்சும்போது நீயும் மெதுவா குத்த வெச்சு உக்காந்து, நிழல் மேல விழாம பக்கவாட்டுல பாரு, கால் நல்லா தெரியும். கையில பிடிக்கக் கூடாது, சிறகுத் தூள் உதிர்ந்துடும்.

கேள்வி: காமன் க்ரோவா டபுள் பிராண்டட் க்ரோவான்னு சிறகு மூடின போட்டோவ வெச்சு சொல்ல முடியுமா?

பதில்: ஆண் பூச்சியில முன்சிறகோட மேல்பக்கம் வாசனைக் கோடு ஒண்ணா ரெண்டான்னு பாத்து சொல்றதுதான் சுலபமான வழி, ரெண்டு இருந்தா டபுள் பிராண்டட். சிறகு மூடியிருந்தா அந்தக் கோடு தெரியாது, பெண்ணுக்கு அந்தக் கோடே கிடையாது. அந்தப் படத்துக்கு க்ரோன்னு மட்டும் எழுதி தேதியும் இடமும் போட்டு வைங்க, நாளைக்கு அதே இடத்துல சிறகு விரிச்சு வெயில் காயற ஆண் ஒண்ணு கிடைச்சா அதையும் பக்கத்துல வெச்சு அனுப்புங்க, சேர்ந்து பாக்கலாம்.