மாஸ்க்கைப் பிடுங்கி எறியும் மகள்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்று டான்சில், அடினாய்டு இரண்டையும் எடுத்தோம். அப்புறமும் ஸ்லீப் ஸ்டடியில் (தூங்கும்போது மூச்சைக் கண்காணிக்கும் பரிசோதனை) மூச்சுத்தடை தெரிந்ததால், சிபாப் மெஷின், அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் மெஷின், வைத்துத்தான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாஸ்க்கைப் பார்த்தாலே அலறுகிறாள். நானும் கணவரும் கையைப் பிடித்துக்கொண்டு மாட்டுகிறோம். கையை விட்டதும் பிடுங்கி எறிந்துவிடுகிறாள். இப்போது படுக்கையறைக்குள் வரவே மறுக்கிறாள். தூங்கிய பிறகு தெரியாமல் மாட்டலாமா? மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் கையைப் பிடித்து மாட்டுவதை நிறுத்திவிடுங்கள். நாளைக் காலை டாக்டரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "சில வாரங்கள் எடுத்து மெதுவாகப் பழக்கலாமா, அதுவரை இவள் பாதுகாப்பாகத் தூங்க என்ன செய்ய வேண்டும்?" தசை பலவீனத்தால் மூச்சுக்கே மெஷினை நம்பியிருக்கும் குழந்தைகளுக்கு இந்த அவகாசம் இருக்காது. உங்கள் மகளுக்கு எவ்வளவு அவகாசம் உண்டு என்பதை ஸ்லீப் ஸ்டடியைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

அவள் செய்வது அடம் இல்லை. கையை நகர்த்த முடியாதபடி பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றை வைத்து அழுத்தி, மூக்குக்குள் காற்றைப் பாய்ச்சினால் யாருமே அலறத்தான் செய்வார்கள். படுக்கையறை என்றால் போராட்டம் என்று அவள் புரிந்துகொண்டுவிட்டாள். முதலில் மாற வேண்டியது அதுதான். அதனால் பழக்குவதைப் பகலில், வேறொரு அறையில், அவள் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தொடங்குங்கள்.

குழாயைக் கழற்றிவிட்டு மாஸ்க்கை மட்டும் கொடுங்கள். கையில் வைத்து விளையாடட்டும், பொம்மைக்கு மாட்டட்டும், அப்பாவுக்கும் மாட்டிப் பார்க்கட்டும். பிறகு அவள் கன்னத்தில் லேசாகத் தொட்டு எடுங்கள். அடுத்து மூக்கின் மேல். "ஒன்று, இரண்டு, மூன்று... முடிந்தது!" என்று சத்தமாக எண்ணி, சொன்னபடியே எடுத்துவிடுங்கள். உடனே அவளுக்கு மிகவும் பிடித்த ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும். அது பாட்டோ பொம்மையோ எதுவானாலும் இந்த நேரத்துக்கென்றே தனியாக வைத்திருங்கள்.

இதில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைப்பது, மாஸ்க்கை யார் கழற்றுகிறார்கள் என்பது. அவள் பிடுங்குவதற்கு முன் நீங்கள் கழற்றிவிட வேண்டும். அலறிப் பிடுங்கினால்தான் இது போகும் என்று ஆகிவிட்டால் நாளுக்கு நாள் அலறல் கூடும். எண்ணி முடித்தால் அம்மாவே எடுத்துவிடுவாள் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் மூன்று பத்தாகும், பத்து முப்பதாகும். பிடுங்கிவிட்டால் திட்டாதீர்கள்; எண்ணிக்கை அவளுக்கு அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பல குழந்தைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதை எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள். பல் தேய்ப்பது, மாஸ்க், கதை, தூக்கம் என்று படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

மாஸ்க்கைத் தலையில் பட்டை போட்டு மாட்டியபடி சில நிமிடங்கள் நிம்மதியாக இருக்கிறாள் என்றால் அப்புறம் காற்று. அதற்கு முன்பே, அவள் விளையாடும்போது மெஷின் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கட்டும். குழாய்க் காற்றை முதலில் உள்ளங்கையில் காட்டுங்கள், பிறகு கன்னத்தில். பல மெஷின்களில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டும் வசதி உண்டு. அதை அமைத்துத் தரச் சொல்லுங்கள். அழுத்தத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

தூங்கிய பிறகு தெரியாமல் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். நடு இரவில் முகத்தில் காற்றோடு திடுக்கிட்டு விழித்தால், தூங்குவதற்கே பயப்படத் தொடங்குவாள். விழித்திருக்கும்போது காற்றோடு நன்றாகப் பழகிய பிறகு, "நீ தூங்கினதும் அம்மா மாட்டிவிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு மாட்டலாம். முதலில் ஒரு மணி நேரம் இருந்தாலும் நல்லதுதான். போகப் போக, தூங்கும் நேரம் முழுவதும் இருக்க வேண்டும் என்பதுதான் இலக்கு.

ஒருவேளை அந்த மாஸ்க்கே அவளுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். பலரும் இதைக் கவனிப்பதில்லை, எனக்கு அதில் மிகுந்த வருத்தம். இந்தக் குழந்தைகளுக்கு மூக்குத்தண்டு தட்டையாக இருப்பதால் மேல்பக்கம் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். கசிகிறதே என்று பட்டையை இறுக்கினால் தோல் புண்ணாகும். காலையில் கழற்றிய பிறகும் சிவப்பு மறையாமல் இருந்தாலோ, கண் சிவந்திருந்தாலோ வேறு அளவோ வேறு வகையோ கேளுங்கள். மாஸ்க்கில் உள்ள சிறு துளைகள் அவள் வெளிவிடும் மூச்சு போவதற்கானவை. கசிவு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் என்றால், வாந்தி வந்தால் தானே கழற்றத் தெரியாத குழந்தைக்கு ஆபத்து. டாக்டரிடம் பேசாமல் அதற்கு மாறாதீர்கள். சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கும். குழந்தைக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர், மூளைநீரை வடிக்க வைக்கும் ஷன்ட் குழாய் போன்றவை இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

சளி, மூக்கடைப்பு இருக்கும் நாளில் காற்று உள்ளே போகாமல் திணறுவாள். மூக்கைச் சுத்தம் செய்த பிறகு மாட்டுங்கள். மூக்கு வறண்டு போனால் மெஷினில் ஈரப்பதம் சேர்க்கும் வசதியைப் பற்றிக் கேளுங்கள்.

இந்தப் பாடு எதற்கு என்று சோர்வாக இருக்கும் இரவுகளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ இந்த மூச்சுத்தடை இருக்கிறது. முகத்தின் நடுப்பகுதி சிறியது, தசை தளர்வு, சிறிய வாய்க்குள் நாக்குக்குப் போதிய இடமில்லை. டான்சிலை எடுத்த பிறகும் பலருக்கு நீடிப்பது அதனால்தான். உங்கள் கவனிப்பில் எந்தக் குறையும் இல்லை. இரவில் ஆக்சிஜன் குறைந்து தூக்கம் கலைந்துகொண்டே இருந்தால் படிப்பு, குணம், இதயம் எல்லாமே பாதிக்கப்படும்.

அடுத்த முறை போகும்போது மெஷினையும் மாஸ்க்கையும் கொண்டுபோங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு கசிந்தது என்பதெல்லாம் மெஷினில் பதிவாகியிருக்கும். முகம் வளர வளர மாஸ்க் அளவு மாறும். நீண்ட காலம் போடும்போது முகத்தின் நடுப்பகுதி வளர்ச்சியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் தூக்கத்தில் உதடு நீலமானாலோ, எழுப்ப முடியாத அளவுக்கு அசந்து கிடந்தாலோ, காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.