ஈய அணுக்கரு மோதலில் பிறக்கும் துகள்களை எப்படி எண்ணுகிறார்கள்?

மன்னார்குடி கல்லூரி மாணவி ஒருவர் இதோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: அதைப் புரோட்டான் மோதலோடு ஏன் ஒப்பிட வேண்டும்?

எல்லாத் துகளையும் யாரும் எண்ணுவதில்லை. நம்ம டெல்டாவில் மகசூல் கணக்கெடுக்க வருகிறவர்கள் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் மட்டும் அறுத்து, எடை போட்டு, ஈரப்பதத்தைக் கழித்துச் சொல்வார்கள் இல்லையா, அப்படித்தான். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் உள்ள ஆலிஸ் கருவி, மோத விடும் கருக்களின் கற்றைக்குக் குறுக்கே பறக்கும் மின்னூட்டத் துகள்களின் தடங்களைச் சிலிக்கான் அடுக்குகளில் பிடிக்கிறது. தப்பிப் போனவை எத்தனை, வேறு துகள் சிதைந்து வந்தவை எத்தனை என்று கணினியில் மோதலைப் போலச் செய்து பார்த்துத் திருத்துவார்கள். உண்மையான உழைப்பு இந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது என்பேன்.

2010-இல் ஏறக்குறைய நேருக்கு நேர் மோதிய ஈயக் கருக்களில், கற்றைக்குக் குறுக்கான அந்த நடுப்பகுதியில், துகள் பறக்கும் கோணத்தைக் குறிக்கும் அளவின் ஓர் அலகுக்குள் மட்டும் சுமார் 1600 மின்னூட்டத் துகள்கள். புரோட்டான் மோதலில் அதே அலகுக்குள் சராசரி ஒற்றை இலக்கம்தான்.

சரி, ஒப்பீடு எதற்கு? ஈய மோதல் என்பது பல புரோட்டான் மோதல்களின் வெறும் கூட்டல் என்றால், அதிக உந்தத்தோடு வரும் துகள்களும் உள்ளே நடக்கும் தனித்தனி மோதல்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக வேண்டும். ஆனால் சில உந்தங்களில் வந்தது அதில் ஏழில் ஒரு பங்குதான். அவற்றைப் பிறப்பிக்கும் குவார்க்குகளும் குளுவான்களும் (புரோட்டானுக்குள் இருக்கும் நுண்துகள்கள்), மோதலில் உருவாகும் சூடான பிழம்பைக் கடக்கையில் ஆற்றலை இழந்துவிடுகின்றன.